இரண்டாம் எண் கூண்டு

ஜனவரி 6, திங்கள்

காலை ஏழு இருபதுக்கு மூன்று சாக்குகள் வந்து இறங்கின. மூன்றிலும் உயிர் இருந்தது. ஆகவே ‘கோமதி புனுகு ஆய்வகம்’ இன்றுமுதல் செயல்படத் தொடங்குகிறது என்று பதிவு செய்கிறேன்.

பிற்காலத்தில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் உதவும் என்பதால் சில விவரங்கள். என் பெயர் கோமதிநாயகம். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்து, சென்ற ஜூனில் ஓய்வுபெற்றவன். அம்பாசமுத்திரம் சுற்று வட்டாரத்தில் நான் அளக்காத வரப்பு குறைவு. இரண்டடி நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் அரிவாள் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். நான் அளந்து சொன்னதும் இருவரும் அரிவாளை இறக்கியதையும் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறவர் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும்தான்.

இந்த நிலையில்தான் வைத்தியர் பலவேசம் வந்தார். புனுகுப் பூனைக்கு வாலடியில் ஒரு பை உண்டு, அதில் ஊறும் நெய் போன்ற பொருள்தான் புனுகு, மூட்டுவலி முதல் மூச்சிரைப்பு வரை எத்தனையோ மருந்தில் சேரும் என்று விளக்கினார். கடையில் கிடைப்பதெல்லாம் கலப்படமாம். வாசனை திரவியம் என்று விற்கிறார்களே தவிர மருந்துக்கு ஆகாதாம். காட்டில் திரிகிற பூனையைக் கூண்டில் வைத்து, அசல் சரக்கு எடுத்து, மருந்துக் கம்பெனிக்குக் கொடுக்க ஒரு பொறுப்பான மனிதர் வேண்டும். “இந்த ஜில்லாவுல நீங்கதான் சார் மொத ஆளு” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையைக் காலி செய்தேன். கூண்டு மூன்று. ஒவ்வொன்றும் நீளம் நாலடி, அகலம் இரண்டரை, உயரம் இரண்டு. கம்பி இடைவெளி ஓர் அங்குலம். பூனைகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் ஆய்வகத்துக்குப் பொருந்தாது. சர்வே எண் 1, 2, 3 என்று வரிசையாகச் சுண்ணாம்பில் எழுதி, கொட்டகைக்குள் என் பெயரோடு ஆய்வகப் பலகையும் மாட்டினேன்.

என் மனைவி சண்முகவடிவு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அனுமதிக் கடிதம் எங்கே? சென்னைக்குப் போயிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். மூலப்பத்திரம் பார்க்காமல் சங்கிலியை விரிக்காதவன் நான். ஆனால் வைத்தியர் என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறார்.

ஜனவரி 9, வியாழன்

மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை. பழம், முட்டை, கோழிக் கழுத்து எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. கூண்டின் மூலையில் முகத்தைச் சொருகிக்கொண்டு முதுகைக் காட்டுகின்றன. பழகிவிடும் என்கிறார் வைத்தியர்.

எண் 1க்கு இடது முன்காலில் இரண்டு விரல் இல்லை. புண் புதிதாக இருக்கிறது. மலையடிவாரத்தில் ‘கிடைத்தவை’ என்றுதான் வைத்தியர் சொன்னார். எப்படிக் கிடைத்தன என்று நான் கேட்கவில்லை. ஆய்வக ஆவணத்தில் ‘வரும்போதே குறை’ என்று எழுதிவைத்தேன்.

பக்கத்து வீட்டு தேவகிருபை டீச்சரிடம் வெளிநாட்டு முயல் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. கூண்டுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கலாமா என்று சண்முகவடிவிடம் கேட்டேன்.

“இன்னைக்கு மாட்டுக்கு நன்றி சொல்லுத நாளு. இதுககிட்ட என்ன சொல்லணும்னு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

யோசித்தேன். பிறகு தொலைக்காட்சி பார்த்தேன்.

ஜனவரி 18, சனி

முதல் எடுப்பு.

பூனைக்கு ஆத்திரம் வந்தால்தான் புனுகு நிறைய ஊறுமாம். எடுப்பதற்கு முன் கால்மணி நேரம் குச்சியால் குத்தவேண்டும் என்று வைத்தியர் சொன்னார். குச்சி மூங்கில், மூன்றரை அடி. குத்தினேன். அறிவியல் நோக்கத்தோடுதான்.

பிறகு வைத்தியர் தோல் கையுறை மாட்டிக்கொண்டு, கம்பி வழியாக வாலைப் பிடித்து வெளியே இழுத்தார். பின்னங்கால் இரண்டையும் துணியால் கம்பியோடு கட்டவேண்டும். அது என் பொறுப்பு. முடிச்சு நன்றாக அமைந்தது. அவர் பையைப் பிதுக்கி, சின்னப் பித்தளைக் கரண்டியால் வழித்தார். கரண்டியில் இரண்டு இடத்தில் சிவப்பாக இருந்தது. முதல் தடவை அப்படித்தான் என்று துடைத்துவிட்டார்.

எண் 2 ஒரு சத்தம் போட்டது. தேவகிருபை டீச்சர் மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை இப்படி அழுகிறது என்று கேட்டார். டி.வி. என்றேன்.

மூன்றும் சேர்ந்து கிடைத்தது சுண்டுவிரல் நகத்தில் பாதி.

மத்தியானம் குச்சியைக் காணவில்லை. வெந்நீர் அடுப்பில் மூங்கில் வெடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்பதில்லை.

ஜனவரி 27, திங்கள்

எண் 2 சாயங்காலம் ஆனதும் நடக்கத் தொடங்குகிறது. இடமிருந்து வலமாக ஒரே சுற்று. திரும்பும் மூலையில் நெற்றி கம்பியில் உரசுகிறது, ஆனாலும் தடத்தை மாற்றுவதில்லை. தொழில் பழக்கத்தில் அளந்தேன். ஒரு சுற்று ஒன்பதடி. நிமிடத்துக்குப் பதினோரு சுற்று. ஏழு மணியிலிருந்து எட்டு வரை எண்ணினேன், ஓரிரு சுற்றுக்கு மேல் வித்தியாசமில்லை. விடியக்காலை கோலம் போட எழுந்திருக்கும்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று சண்முகவடிவு சொல்கிறாள். அப்படியானால் பத்து மணி நேரம். பதினெட்டுக் கிலோமீட்டர்.

அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பிப் பாபநாசம் போய், ஏறக்குறையத் திரும்பியும் வந்துவிடலாம்.

இதை வைத்தியரிடம் சொன்னேன். நல்ல ஆரோக்கியம் என்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

எண் 2 குட்டி போட்டிருக்கிறது. இரண்டு. வரும்போதே சூலாக இருந்திருக்கவேண்டும். நில அளவை விதிப்படி உட்பிரிவு செய்து 2/1, 2/2 என்று பதிவு செய்தேன். என் ஆய்வகத்தின் முதல் வளர்ச்சி. மனசுக்கு நிறைவாக இருந்தது.

சண்முகவடிவு என்னைக் கேட்காமல் தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து உள்ளே தள்ளி, கூண்டைச் சுற்றிச் சாக்கு கட்டி இருட்டாக்கிவிட்டாள். காற்றோட்டம் கெடும் என்று என் ஆட்சேபத்தைத் தெரிவித்தேன். சாக்கு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

வைத்தியர் எடுப்புக்கு வந்தார். எண் 2 குட்டி போட்டு மூன்று நாள்தான் ஆகிறது, ஒரு மாதம் விடலாமே என்றேன். கம்பெனிக்காரர் காத்திருக்கிறார், தாய்ப்பூனைக்கு ஆத்திரம் கூடுதல், அதனால் சரக்கும் கூடுதல் என்றார். சாக்கை அவிழ்த்தார். துணி கட்டினேன்.

சண்முகவடிவு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். சாயங்காலம்வரை திரும்பவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

2/1ஐக் காணவில்லை.

கூண்டுக் கதவு பூட்டியபடி இருந்தது. கம்பி இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் ஓர் அங்குலம். அடித்தகட்டில் ஓட்டை இல்லை. குட்டியின் தலை அகலம் குறைந்தது ஒன்றரை அங்குலம் இருக்கும். அளவுப்படி வெளியே போக வழியே இல்லை. குட்டியைத் தூக்கிப்போகும் அளவுக்குப் பெரிய பிராணி எதுவும் உள்ளே வரவும் வழியில்லை.

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சண்முகவடிவு வாளித் தண்ணீரோடு வந்து கூண்டின் அடித்தகட்டைக் கழுவினாள். என்னவாயிருக்கும் என்று அவளிடம் கேட்டேன்.

“எல்லாம் அளந்து பாத்துட்டியளா?”

பார்த்துவிட்டேன் என்றேன்.

“வெளிய போக வழியில்லல்லா?”

இல்லை என்றேன்.

“அப்போ வெளிய போகல” என்றாள். தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போய்க் குளித்தாள். நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆவணத்தில் ‘உட்பிரிவு 2/1 ரத்து’ என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாம்பாரில் உப்பு இல்லை. ரசத்திலும் இல்லை. சண்முகவடிவு இரண்டு நாளாகப் பேசுவதில்லை என்பது இன்றுதான் கவனத்துக்கு வந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

சிறு விபத்து. பணிநிறைவு விழாவில் எனக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தின் அட்டைப்பெட்டி வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேறு இடம் இல்லாததால் அதை எண் 2 கூண்டுக்குள் வைத்தேன். பெட்டியின் ஒரு பக்கத்தில் குட்டி நுழையும் அளவுக்கு வாசல் வெட்டியிருந்தது தற்செயல். கையை எடுப்பதற்குள் எண் 2 கட்டைவிரலுக்குக் கீழே கவ்விவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜெபசெல்வி என்ற நர்ஸ் இருந்தார். எது கடித்தது? பூனை. யார் வீட்டுப் பூனை? எங்கள் வீட்டுப் பூனை. அவர் பல் பதிந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். கடிபட்ட காயத்துக்குள்ளேயே ஓர் ஊசி போடவேண்டும், கொஞ்சம் வலிக்கும் என்றார். ஓர் ஆள் என் தோளையும் இன்னோர் ஆள் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒரு சத்தம் போட்டேனாம். வெளியே காத்திருந்த கர்ப்பிணிப் பெண்கள் எழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

இன்னும் மூன்று தவணை ஊசி உண்டு. அதோடு, கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணிக்கவேண்டும். செத்தாலோ, நடவடிக்கை மாறினாலோ உடனே ஓடிவரவேண்டும். வியாழக்கிழமை இந்தப் பக்கம் வருவேன், நானே பூனையைப் பார்த்துவிடுகிறேன் என்றார் ஜெபசெல்வி. சிரமம் வேண்டாம் என்றேன். சிரமம் இல்லை என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய். கண்காணிப்பு, முதல் நாள்

எண் 2 உயிரோடு இருக்கவேண்டியது இப்போது என் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொட்டகையில் போட்டு உட்கார்ந்தேன். வெறிநோய் என்றால் தண்ணீரைக் கண்டு பயம் வருமாம். எண் 2 தண்ணீர் குடித்தது. நானும் ஒரு செம்பு குடித்துப் பார்த்தேன். பயம் இல்லை. சற்று விக்கியது. அது வேறு.

பிப்ரவரி 13, வியாழன். மூன்றாம் நாள்

தேவகிருபை டீச்சரின் பூனை லட்டுவை இரண்டு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினேன். வெள்ளை நிறம், ஆறு கிலோ இருக்கும். அதற்கு நடப்பதே சங்கடம். ஜெபசெல்வி வந்ததும், இதுதான் கடித்தது, பொல்லாத ஜந்து, கிட்டே போகாதீர்கள் என்று எச்சரித்தேன். லட்டு அவர் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

ஜெபசெல்வி அதன் வாயை மெதுவாகத் திறந்து பல்லைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். பிறகு காற்றில் மூக்கை உறிஞ்சி, உங்கள் வீட்டில் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி வாசம் வருகிறதே என்றார். சந்தன பத்தி என்றேன். சண்முகவடிவு காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஜெபசெல்வி அவளிடம் பூனையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போகும்போது ஜெபசெல்வி என்னிடம், “சார், மிச்ச ஊசிய விடாமப் போட்டுக்கிடுங்க. கடிச்ச பூனைய நல்லாப் பாத்துக்கிடுங்க. இந்தப் பூனைய டீச்சர்கிட்ட குடுத்துருங்க” என்றார்.

லட்டு டீச்சர் வீட்டுப் பூனை என்று நான் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி. நான்காம் நாள்

வைத்தியர் குச்சியோடு வந்தார். கண்காணிப்புக் காலத்தில் எண் 2ஐத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சரி என்று எண் 3க்குப் போனார். அது கத்தினால் எண் 2க்கு அதிர்ச்சி ஏற்பட்டு, அதனால் என் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று அதையும் நிறுத்தினேன். கண்காணிப்பு முடியும்வரை ஆய்வகம் விடுமுறை என்று பலகையில் எழுதினேன். வைத்தியர் ‘சார்’ போடாமல் பேசிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 15, சனி. ஐந்தாம் நாள்

குட்டிக்குக் கண் திறந்துவிட்டது. கடிகாரப் பெட்டியின் வாசல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. தாய் பல்லைக் காட்டியது. நாற்காலியை இரண்டடி பின்னால் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு. ஆறாம் நாள்

எண் 2க்கு நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி இல்லை. தோல் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. திரும்புகிற மூலையில் கம்பி படும் இடம். ஒரு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சுற்றை எண்ணியவன் இதைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். எண் 3 தன் வால்நுனியைத் தானே கடித்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறது. அதையும் இன்றுதான் குறிக்கிறேன்.

தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து, நீளக் குச்சியில் பஞ்சு சுற்றி, அந்தப் புண்ணில் தடவப் பார்த்தேன். குச்சியைக் கண்டதும் மூன்று கூண்டிலும் மூன்றும் மூலைக்கு ஓடின. எண் 2 குட்டியின் மேல் படுத்துக்கொண்டது.

குச்சியை வெளியே போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள். ஏழாம் நாள்

மூன்றாவது ஊசி. கை வலி.

எண் 2 நடப்பதை நிறுத்தும் நேரங்களில் ஒரே திசையைப் பார்க்கிறது. எதை என்று தெரிந்துகொள்ள, கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒன்பது அங்குல இடைவெளி. அதில் பொதிகை மலை தெரிகிறது. கூண்டை அந்தப் பக்கம் திருப்பி வைத்தது நான்தான், வெளிச்சத்துக்காக.

நான் தரையில் கிடப்பதைப் பார்த்துச் சண்முகவடிவு ஓடிவந்தாள். வெறிநோய் முற்றிவிட்டது என்று நினைத்தாளாம். “என்ன செய்யுதிய?” என்றாள். பத்து நாளில் முதல் பேச்சு. அளக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன். பத்தாம் நாள்

இருக்கிறாள். முட்டை இரண்டு சாப்பிட்டாள். குட்டி அவள் வாலைப் பிடித்து இழுத்தது, பேசாமல் இருந்தாள். எனக்கும் எந்தக் குறியும் இல்லை. கண்காணிப்பு முடிந்தது.

சண்முகவடிவு பாயசம் வைத்தாள். யாருக்காக என்று சொல்லவில்லை. நாற்காலியைக் கொட்டகையிலிருந்து எடுக்கவில்லை. வீட்டில் நாற்காலிகள் போதுமான அளவு இருக்கின்றன.

பிப்ரவரி 21, வெள்ளி

வைத்தியர் வந்தார். அனுமதிக் கடிதத்தைக் காட்டினால்தான் ஆய்வகம் திறக்கும் என்றேன். முதலில் சுற்றிவளைத்தார். விடாமல் கேட்டேன். கடைசியில் சொல்லிவிட்டார்:

“எந்தக் கடுதாசியும் இல்ல. இதுக்கு எவனும் கடுதாசி தரமாட்டான். ஜெயில்தான் தருவான். கூண்டு உங்க எடத்துல, பலகையில உங்க பேரு. நீங்க வாயத் தொறக்காம இருக்கது உங்களுக்குத்தான் நல்லது.”

திங்கட்கிழமை காலை வேன் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிப்போகிறாராம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது கூண்டு ஓடுகிறதாம். அங்கே கூண்டு என்ன அளவு என்று கேட்டேன். இரண்டடிக்கு ஒன்றரை, மூன்று அடுக்கு என்றார். உடம்பு மட்டுமே இரண்டடி, வால் ஒன்றேகால் அடி இருக்கிறதே, அது எங்கே போகும் என்று கேட்டேன். சிரித்தார். குட்டி எதற்கு, அதை இங்கேயே ஏதாவது செய்துவிடுங்கள் என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. காபி டம்ளர் சுவரில் பட்டு நெளிந்துவிட்டது. கை ஊசி வலியில் இருந்ததால் பிடி நழுவியிருக்கும். டம்ளருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் ஒன்பதடி.

பிப்ரவரி 22, சனி

காலையில் உட்கார்ந்து ஒரு புலப்படம் வரைந்தேன். ஓரடிக்கு ஓர் அங்குலம் அளவுகோல். கொட்டகை, கூண்டு மூன்று, கதவு, கம்பி இடைவெளி, எண் 2 நடக்கும் தடம், சுவருக்கு மேல் அந்த இடைவெளி, குட்டி இருக்கும் பெட்டி. வடக்குத் திசை குறித்தேன். கீழே நடந்ததை எல்லாம் தேதி வாரியாக எழுதினேன். ‘காரணம்’ என்று காலியாக விட்ட கட்டத்தையும் நிரப்பினேன். தாய் தின்றது. மூன்றாம் நாள் கட்டிவைத்துப் பிதுக்கியதால் தின்றது. கட்டியவன் நான்.

வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம் கேட்டுவர மட்டுமே கிளம்பினேன். சண்முகவடிவு கேட்காமலே சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

சரகர் சின்ன வயதுக்காரர். புலப்படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக ஒரு படத்தைத் தன் அலுவலகத்தில் பார்த்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், இது புகாரா, இல்ல வாக்குமூலமா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது சண்முகவடிவு சொன்னாள். “ரெண்டும்தான். கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க. போடுவாவ.”

போட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாளைக் காலை வேன் வரும்வரை எதையும் மாற்றக்கூடாது என்று சரகர் உத்தரவு. ஆகவே எதையும் மாற்றவில்லை. எண் 3க்கு மட்டும் வாழைப்பழம் இரண்டு அதிகம். வனத்துறை ஆட்கள் நாலு பேர் தேவகிருபை டீச்சர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் மடியில் லட்டு.

சண்முகவடிவு என் பைக்குள் வேட்டி, துண்டு, பல்பொடி, பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்துவைத்தாள். எத்தனை நாளுக்கு என்று கேட்டாள். தெரியாது என்றேன். மாத்திரையை முழு அட்டையாக வைத்தாள்.

மார்ச் 5, புதன்

ஒன்பது நாள் பதிவு இல்லை. நாட்குறிப்பை உள்ளே கொண்டுபோக விடவில்லை.

நடந்தவை: திங்கள் காலை ஆறரைக்கு வைத்தியர் வேனோடு வந்தார். முதல் கூண்டைத் தூக்கும்போது சுற்றி வளைத்தார்கள். தான் வைத்தியம் பார்க்க வந்ததாகவும், முதலாளி நான்தான் என்றும் அவர் சொன்னார். பலகையும் அப்படித்தான் சொல்லியது. இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். வழியெல்லாம் அவர் என்னை ஒருமையில் பேசினார். எல்லைக்கு அந்தப் பக்கத்து நாற்பது கூண்டும் இரண்டு நாளில் பிடிபட்டன என்று பிறகு தெரிந்தது. வேன் ஓட்டுநர் வழி காட்டினாராம்.

சிறை அறை பத்தடிக்கு எட்டடி. நாலு பேர். கழிப்பறை அதற்குள்ளேயே. சாயங்காலம் ஆனால் நடக்கவேண்டும்போல் இருக்கும். மற்ற மூவரும் திட்டுவார்கள். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஜாமீனில் வந்தேன். வாரம் ஒருமுறை சரக அலுவலகத்தில் கையெழுத்து. வழக்கு முடியும்வரை வனப்பகுதிக்குள் காலடி வைக்கக்கூடாது.

மாலைப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்திருந்தது. சண்முகவடிவு எடுத்து வைத்திருந்தாள். ‘புனுகுப் பூனைகளைச் சித்திரவதை செய்த கும்பலின் தலைவி கோமதிநாயகி (38) கைது’. பெயரும் தப்பு, பாலும் தப்பு, வயதில் இருபது வருடம் தப்பு. திருத்தம் கேட்டு எழுதலாமா என்றேன். சண்முகவடிவு சிரித்தாள். நிறுத்தி, மறுபடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதவேண்டாம் என்றாள். சித்திரவதை என்ற சொல்லில் திருத்தம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இன்று சாம்பாரில் உப்பு இருந்தது.

மார்ச் 19, புதன்

கையெழுத்துப் போடப் போனபோது சரகரிடம் விசாரித்தேன். எண் 3 ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டது. உள்புண் அழுகியிருந்ததாம். எண் 1 விரல் இல்லாததால் மரம் ஏறாது, இனி வனத்துறைக் காப்பகத்தில்தான். எண் 2க்கும் குட்டிக்கும் முப்பதடிக்கு இருபதடியில் மரம், புதர் எல்லாம் உள்ள வேலி அறை கொடுத்திருக்கிறார்கள். குட்டி அறை முழுக்க ஓடுகிறது. தாய் மட்டும் ஒரு மூலையில் ஒன்பதடிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

ஒன்பதடி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உங்கள் படத்தைப் பார்த்துத்தான் என்றார்.

வெளியே வந்து ஆலமரத்தடியில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் அதிகம்.

மே 8, வியாழன்

சரகர் போன் செய்தார். நேற்று மரத்தில் ஏறிவிட்டாளாம்.

ஜூன் 12, வியாழன்

எண் 2ம் குட்டியும் காட்டுக்குள் விடுவிப்பு. விடுவித்ததைப் பதியும் மகஜரில் கையெழுத்திட ஊர்க்காரர் ஒருவர் சாட்சியாக வேண்டும் என்றார்கள். நான் குற்றவாளி, வனத்துக்குள் போகமுடியாது. சண்முகவடிவு போனாள். நான் சோதனைச் சாவடியில் இறக்கிவிடப்பட்டேன். விதி சரியானதுதான்.

ஜீப் மலைப்பாதையில் வளைந்து மறைந்தது. பின்பக்கம் தார்ப்பாய் போட்ட பெட்டி. உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. சாவடிக் காவலர் ஒரு பெஞ்சு கொடுத்தார். குரங்கு ஒன்று வந்து சண்முகவடிவு கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான் துரத்தவில்லை. சாம்பார்ப் பையை மட்டும் திருப்பி என்மேல் எறிந்தது.

மூன்றே கால் மணி நேரம் கழித்து ஜீப் வந்தது. பெட்டியின் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. சண்முகவடிவு இறங்கினாள். சேலைக் கரையெல்லாம் புல்விதை ஒட்டியிருந்தது. எந்தத் திசையில் போனாள், குட்டி கூடவே போயிற்றா, எவ்வளவு தூரம்வரை கண்ணுக்குத் தெரிந்தது என்று வரிசையாகக் கேட்டேன்.

“மொதல்ல வரல. ரொம்ப நேரம் வரல. அப்புறம் குட்டி குதிச்சுட்டு. அது பின்னாலேயே தாயும் வந்துட்டு. ஒரு தரம்கூட நிக்கல” என்றாள். பிறகு, “திரும்பிப் பாக்கவும் இல்ல” என்றாள்.

நல்லது என்றேன். வேட்டியில் சாம்பார் ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

பஸ் வர நேரமானது. ஏறியபோது முன்பக்கம் பெண்கள் இருக்கை முழுக்கக் காலியாக இருந்தது. நான் வழக்கம்போலப் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தூசி விழுந்திருந்தது. சண்முகவடிவு முன்னிருக்கைகளைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.